முன்னால் மாப்பிள்ளை, பின்னால் முள்ளம்பன்றி

வாசகர் கேள்விகள்: கோட்டையூரிலிருந்து பதில்கள்

போன இதழில் பேச்சோடு பேச்சாக, சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரில் 28 வருடம் வேலை பார்த்தவன் நான் என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வழக்கமாக வரும் மூட்டுவலி, பட்டா மாற்றம், மருமகள் புகார் எல்லாம் ஓரம் கட்டப்பட்டு, இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கடையைப் பற்றியே. சரி, இந்த இதழ் முழுக்கக் கடைதான். மூட்டுவலிக்காரர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகள் என்னை ஹாரட்ஸ் கடைக்குக் கூட்டிப் போனாள். நாலு மணி நேரம் சுற்றினோம். நான் வாங்கியது ஒரு டீத்தூள் டப்பா. வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே வேடிக்கை பார்த்தோமே என்று மனசு உறுத்துகிறது. ஆனால் ராத்திரி படுத்தால் அந்தக் கடைதான் கண்ணில் நிற்கிறது. இது என்ன மயக்கம்? (தேவகோட்டை வாசகி)

ஆச்சி, டீத்தூள் டப்பா வாங்கினீர்களே, அதுவே பெரிது. எங்கள் கடைக்குள் வந்தவர்களில் பாதிப் பேர் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்களை நாங்கள் குறைவாக நினைத்ததில்லை. நினைத்தாலும் முகத்தில் தெரியக் கூடாது என்பதுதான் வேலையில் முதல் பாடம்.

இந்த வகைக் கடையே வேடிக்கை பார்க்க வருகிறவர்களை நம்பிப் பிறந்ததுதான். அதற்கு முன்னால் ஐரோப்பாவிலும் நம் பழைய ஜவுளிக் கடை கதைதான். உள்ளே கால் வைத்தால் வாங்கியாக வேண்டும். விலை கடைக்காரர் வாயில் இருக்கும்; உங்கள் காதுத் தோட்டைப் பார்த்து ஏறும், இறங்கும். பாரிஸில் அரிஸ்டீட் பூசிகோ என்பவர் 1852-இல் போன் மார்ஷே என்ற கடையில் கூட்டாளியாகச் சேர்ந்தார். சரக்குக்கு விலைச்சீட்டு, பேரம் கிடையாது, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், யாரும் உள்ளே வரலாம், சும்மாவும் திரும்பிப் போகலாம் என்பதையெல்லாம் ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்தார். எல்லாமே அவர் ஒருவரின் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் சின்னக் கடையாக இருந்ததை ஊரே திரண்டு வரும் மாளிகை ஆக்கியது அவர்தான்.

அப்புறம் செல்ஃப்ரிட்ஜ். அமெரிக்காவிலிருந்து வந்து 1909 மார்ச்சில் லண்டன் ஆக்ஸ்போர்டு தெருவில் கடை திறந்தவர். அதே வருடம் ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் தாண்டினார். உடனே அந்த விமானத்தையே கொண்டுவந்து கடைக்குள் நிறுத்திவிட்டார் செல்ஃப்ரிட்ஜ். ஆயிரக்கணக்கில் சனம். விமானம் வாங்கவா வந்தார்கள்? வந்தவர்கள் போகும்போது ஒரு ஜோடிக் கையுறை வாங்கிக்கொண்டு போனால் போதும், அதுதான் கணக்கு. 1925-இல் பேர்ட் என்பவர் தான் செய்த டெலிவிஷனை ஜனங்களுக்குக் காட்டியதும் அதே கடையில்தான்.

நீங்கள் போன ஹாரட்ஸில் 1898-இல் நகரும் படிக்கட்டு வைத்தார்கள். இங்கிலாந்தில் அதுவரை யாரும் பார்த்திராத பொருள். ஏறி மேலே வந்தவர்களுக்குப் படபடப்பு அடங்கக் கொஞ்சம் பிராந்தி கொடுத்தார்களாம். உங்களுக்கு யாராவது கொடுத்தார்களா என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், மருமகளிடம் சொல்ல மாட்டேன்.

மயக்கம் என்ன என்று கேட்டீர்கள். என் மயக்கத்தைச் சொல்கிறேன். என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. எனக்கு எட்டு வயது இருக்கும்போது அந்த வீட்டில் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானையெல்லாம் வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றிப் பரப்பியிருந்தார்கள். பித்தளை அண்டாவில் ஆரம்பித்து, எவர்சில்வர் அடுக்கு, ஊறுகாய் ஜாடி, கொட்டான், தடுக்கு, சோப்பு டஜன் கணக்கில், கடைசியில் ஊசியும் நூல்கண்டும் வரை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. யாரும் எதையும் வாங்க வரவில்லை. அப்பா என்னை இரண்டாம் கட்டு வழியாக உள்ளே விட்டு, "கையைக் கட்டிக்கிட்டுப் பாரு" என்று சொல்லிவிட்டுச் சிட்டை எழுதப் போய்விட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு மங்கு அடுக்கின் (எனாமல் பூசிய அடுக்குப் பாத்திரம்) முன்னால் நின்றேன். வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு, அஞ்சு தட்டு. எவ்வளவு நேரம் நின்றேனோ, பின்னாலிருந்து பெரிய ஆச்சியின் குரல்: "என்னப்பு, பார்த்துக்கிட்டே நிக்கிறே? தொட்டுப் பாரு."

தொட்டேன். சித்திரை வெயிலிலும் சில்லென்று இருந்தது. ஆர்ச்சர்ட் ரோட்டில் யாராவது ஒரு சட்டையின் காலரை ஒற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தால், "தொட்டுப் பாருங்க" என்பதைத்தான் நான் 28 வருடம் நாலு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் நாலு மணி நேரம் பார்த்ததற்கு வெட்கப்பட வேண்டாம் ஆச்சி.

கேள்வி: காரைக்குடி செக்காலை ரோட்டில் சின்னதாக ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். சரக்கு நிரம்ப இருக்கிறது. ஆனால் பெரிய கடைகளில் இருக்கும் அந்தக் கவர்ச்சி வரவில்லை. என்ன செய்ய? (காரைக்குடி வாசகர்)

தம்பி, உங்கள் வியாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்: "சரக்கு நிரம்ப இருக்கிறது."

1981-இல் என்னை டை கவுண்டரில் போட்டார்கள். கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டில் இரண்டு டை வைத்திருந்தார்கள். இடம் வீணாகிறதே என்று நான் நாலு வைத்தேன். சூப்பர்வைசர் சீனக் கிழவர் வந்தார், ஒன்றும் பேசவில்லை, மூன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மிஞ்சிய ஒன்று அன்று சாயங்காலமே விற்றது. விலை கூடக் கூட இடமும் கூட வேண்டும். அவ்வளவு பெரிய அலமாரியில் ஒரே ஒரு கைப்பை உட்கார்ந்திருந்தால், அதற்கு வாடகை யார் கொடுப்பது என்று பார்க்கிறவர் மனசு கணக்குப் போட்டுவிடும். விலையைப் பார்க்காமலேயே விலை தெரிந்துவிடும்.

அடுத்தது பொம்மை. பெரிய கடைப் பொம்மை மேல் சட்டை அவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே, நம் மேல் ஏன் இல்லை என்று எல்லாரும் ஏங்குவார்கள். பின்னால் போய்ப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பொம்மைக்குச் சட்டை போட முதலில் கையைக் கழற்ற வேண்டும். போட்டபின் தோளில் கையைத் திருகி மாட்ட வேண்டும். அப்புறம் முதுகுப் பக்கம் தொளதொளப்பை எல்லாம் இழுத்து மடித்துக் குண்டூசி குத்த வேண்டும், ஒரு சட்டைக்கு இருபது கூடப் போகும். முன்னால் பார்த்தால் மாப்பிள்ளை, பின்னால் பார்த்தால் முள்ளம்பன்றி. உங்கள் கடையில் பொம்மை நடுவில் நிற்கிறது என்றால் முதலில் அதைச் சுவர் ஓரமாகத் தள்ளுங்கள்.

வெளிச்சத்தைச் சரக்கின் மேல் அடியுங்கள், நடைபாதையில் வேண்டாம். ட்ரையல் ரூமில் உச்சி விளக்கைப் பிடுங்கி எறியுங்கள். தலைக்கு மேலிருந்து விழுகிற வெளிச்சம் கண்ணுக்குக் கீழே கருவளையம் போடும். பத்து வயது கூடின முகத்தைக் கண்ணாடியில் பார்த்த பிறகு யாருக்குச் சட்டை வாங்கத் தோன்றும்? விளக்கு கண்ணாடியின் இரண்டு பக்கமும் முக உயரத்தில் இருக்கட்டும். அப்புறம், கூட வந்த ஆம்பளைக்கு ஒரு நாற்காலி. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்திருக்கிறது. நின்றுகொண்டே இருக்கும் கணவன் பத்தாவது நிமிடம் "கிளம்புவோமா" என்பான். உட்கார்ந்தவன் தூங்கிவிடுவான். மிச்சத்தை அம்மாமார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெரிய கடைகளில் வாசலுக்குப் பக்கத்திலேயே செண்ட், முகப்பூச்சு எல்லாம் இருப்பது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சின்னப் பொருள், பெரிய விலை, வாசனைக்கு டிக்கெட் இல்லை. தெருவிலேயே பிடித்து இழுக்கும். நீங்கள் செண்ட் வைக்க வேண்டியதில்லை, ஒரு முழம் மல்லிகை போதும்.

ஒரு எச்சரிக்கை. நான் சொன்னேன் என்று முழு அலமாரியையும் காலி செய்துவிடாதீர்கள். நம் ஊரில் கண்ணாடிக்குள் ஒரே ஒரு சட்டை தொங்கினால், பாவம் கடை நொடித்துப்போச்சு என்று ராத்திரிக்குள் கல்லுக்கட்டி வரை செய்தி போய்விடும். வாசல் பக்கம் மட்டும் காலி செய்யுங்கள். அங்கே ஒரு கண்டாங்கிச் சேலையை மேலிருந்து கீழே வரை தொங்கவிடுங்கள், அந்தக் கட்டமும் அகலக் கரையும் தெரியும்படி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின சேலை, உங்கள் கடைக்கு நடந்து போகிற தூரத்தில் நெய்கிறார்கள். அதை மடித்துப் பாலிதீனில் போட்டு அடுக்குகிறோமே, அதுதான் எனக்குப் பொறுப்பதில்லை.

கேள்வி: எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியில் 'ரோ அண்ட் கோ' என்று எழுதியிருக்கிறது. அது பெட்டி செய்தவர் பெயரா? (பள்ளத்தூர் வாசகர்)

கடையின் பெயர். ரங்கூனில் வெள்ளைக்காரர்களும் வசதியானவர்களும் போன டிபார்ட்மென்ட் ஸ்டோர். 1866 வாக்கில் தொடங்கியது. சூலே பகோடாவுக்குக் கொஞ்ச தூரத்தில் 1910 வாக்கில் கட்டின அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, இப்போது அதற்குள் ஒரு வங்கி. கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்ய, போன நம் ஆட்கள் மொகல் தெருக் கிட்டங்கியில் (செட்டியார்கள் தங்கித் தொழில் பார்த்த இடம்) கணக்கு எழுதிவிட்டு, ஊருக்குக் கப்பல் ஏறுமுன் இந்த மாதிரிக் கடைக்கு ஒரு நடை போயிருப்பார்கள்.

அந்தக் காலத்தில் இன்னொரு கடையும் உண்டு: ஒயிட்டவே லெய்ட்லா. கல்கத்தா, ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர், நம் மவுண்ட் ரோடு என்று எல்லா ஊரிலும் கிளை. அங்கே கடன் கிடையாது, ரொக்கம் மட்டும்தான். அதனால் ஆங்கிலேயர்களே அதற்கு 'ரைட் அவே அண்ட் பெய்ட் ஃபார்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். பர்மா முழுக்கக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த செட்டியார்கள், தாங்கள் ஒரு தொப்பி வாங்கினால் அங்கே ரொக்கத்தை எண்ணி வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

பெட்டிக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

கேள்வி: சென்னையில் ஐடி வேலை. சித்திரையில் பாரிஸ் போகிறேன். இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு கைப்பை வாங்க ஆசை. அம்மா திட்டுகிறார். வாங்கலாமா? (புதுவயல் வாசகி)

அம்மா திட்டட்டும், அது அவர் வேலை. சம்பாதித்தது நீங்கள்.

நான் சொல்வது இவ்வளவுதான். முதல் நாள் கார்டை ஓட்டலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கலெரி லஃபாயெத் என்று ஒன்று இருக்கிறது. நடு மண்டபத்தில் 43 மீட்டர் உயரத்தில் வண்ணக் கண்ணாடிக் கூரை, 1912-இல் போட்டது. அண்ணாந்து பாருங்கள். மொட்டை மாடிக்குக் காசு கேட்க மாட்டார்கள். அந்த மாடியில்தான் 1919-இல் வெத்ரீன் என்ற விமானி விமானத்தை இறக்கிவிட்டு, போலீஸுக்கு அபராதமும் கட்டினார். இரண்டாம் நாளும் அந்தப் பையே கண்ணில் நின்றால் போய்த் தையலைப் பாருங்கள். மூலையில், கைப்பிடி சேருமிடத்தில், உள்பக்கம். வெளிப்பக்கம் எல்லாப் பையும் அழகுதான். வாரைப் பிடித்துத் தொங்கவிட்டு நடந்து பாருங்கள். கவுண்டர்ப் பெண் வெள்ளைக் கையுறை போட்டு எடுத்துக் கொடுத்தால் மிரளாதீர்கள், அது தோலில் விரல் ரேகை படாமலிருக்க. உங்களுக்குப் பூஜை இல்லை.

பிரான்ஸில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வரியில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டி அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கிளம்பும்போது விமான நிலையத்தில் அதைப் பதிவு செய்ய மறந்தால் போச்சு. லண்டன் வழியாக வருகிறேன், அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். 2021 முதல் இங்கிலாந்துக் கடைகளில் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள்.

வாங்கினால் தூக்குங்கள். பீரோவில் பூட்டி வைத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். அதை நம் வீடுகளில் போதுமான அளவு செய்தாகிவிட்டது.

கேள்வி: அவ்வளவு பெரிய கடைகளும் மூடுகின்றனவே, ஏன்? (கோட்டையூர் வாசகர்)

பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தபாலில் கேட்கிறீர்களே ஐயா.

சிங்கப்பூரில் ராபின்சன்ஸ் கடை 1858-இல் தொடங்கியது. 1972-இல் ராஃபிள்ஸ் பிளேஸில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள், கட்டடம் சாம்பல். அதிலிருந்தும் எழுந்து நின்ற கடை, 2020-இல் மூடுவதாக அறிவித்தது. நியூயார்க்கில் பார்னிஸ் அதே வருடத் தொடக்கத்தில் போனது. கொரோனா, ஆன்லைன், வாடகை என்று காரணம் அடுக்குவார்கள். உள்ளே இருந்தவனாக நான் ஒன்று சொல்கிறேன். என் காலத்திலேயே பாதிக் கவுண்டர் கடைக்குச் சொந்தமில்லை. பெரிய பிராண்டுக்காரர் இடத்தை எடுத்துக்கொண்டு தன் ஆள், தன் சரக்கு வைத்து, விற்பனையில் ஒரு பங்கைக் கடைக்குக் கொடுப்பார். வாடிக்கையாளர் யார் என்று அவருக்குத் தெரிந்த பிறகு எதிர்ச் சாரியில் தானே கடை போடுவார். சத்திரத்தில் தங்க வந்தவர் எதிரே வீடு கட்டிக்கொண்ட கதை.

செல்ஃப்ரிட்ஜ் கதையையும் கேளுங்கள். தாராளமாகச் செலவழித்து, சூதாடி, கடைசியில் தன் கடையிலிருந்தே வெளியே அனுப்பப்பட்டார். 1947-இல் லண்டன் புட்னியில் வாடகைக் குடியிருப்பில் இறந்தார். கிழவர் பஸ் ஏறி வந்து கடையின் எதிரே நின்று பார்த்துவிட்டுப் போவார் என்று சொல்வார்கள். நான் வேலை பார்த்த கடையும் இப்போது இல்லை. தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போனபோது நானும் அந்த வாசலில் போய் நின்றேன். அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள்.

கேள்வி: பெட்டகத்தில் பழைய மங்குச் சாமான் நிறையக் கிடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் கொடுத்துவிடலாமா? (கானாடுகாத்தான் வாசகி)

முதலில் ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியில் முத்திரையைப் பாருங்கள். சுவீடன் காக்கம்ஸ் சரக்கு என்றால் விசாரிக்காமல் கொடுக்காதீர்கள், வெளியூர்க்காரர்கள் தேடி வருகிறார்கள்.

மேலே சொன்னேனே, அந்த அஞ்சு தட்டு அடுக்கு? அதே மாதிரி ஒன்றைக் கல்யாணம் முடிந்ததும் பெரிய ஆச்சி என் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதில் யாரும் சாப்பிட்டதில்லை, அலமாரியின் மேல் தட்டில் உட்கார்ந்திருந்தது. 1979-இல் நான் சிங்கப்பூர் கிளம்பியபோது பெட்டி வாங்கப் பணம் குறைந்தது. அம்மா அடுக்கை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், வெறும் துண்டோடு வந்தார்.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தம்ளர், பெல்ஜியம் கண்ணாடி, கதவு நிலை, ரவிவர்மா படம் என்று தரையிலிருந்து கூரை வரை அடைசல். எங்கள் சூப்பர்வைசர் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். அந்தக் குவியலில் வெள்ளை, நீலக் கோடு, அஞ்சு தட்டு. எங்கள் வீட்டுடையதா என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே முத்திரைதான். விலை கேட்டேன். 4,500 என்றார். விலைச்சீட்டுக் கடையில் 28 வருடம் இருந்தவனுக்குப் பேரம் பேச நாக்கு எழவில்லை. பர்ஸை எடுத்துவிட்டேன். என் மனைவி பர்ஸைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, "மூடியில சில்லு பேந்திருக்கு, பார்க்கலையா?" என்று ஆரம்பித்தாள். 3,200-க்கு முடிந்தது. கடைக்காரர் தினத்தந்தியில் சுற்றிக் கொடுத்தார்.

கேள்வி: ஹாரட்ஸ் பச்சைப் பையை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை. (மறுபடியும் அதே தேவகோட்டை வாசகி)

ஆச்சி, தங்க எழுத்துப் போட்ட அந்தப் பை எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, தங்கை மகன் கொடுத்தது. வாரம் ஒருமுறை சந்தைக்குப் போய் முருங்கைக் கீரையும் வெள்ளைப்பூண்டும் தூக்கி வருகிறது. அடி இன்னும் தளரவில்லை. கத்தரிக்காய் மட்டும் மேலாக வையுங்கள், நசுங்கும்.